அக்காவின் இடத்தில்

மார்ச் 4
இன்றும் பெஞ்சுதான். கோச் என்னைத் தாண்டிப் பார்த்தார், அங்கே ஆளே இல்லாததுபோல. எல்லோருக்கும் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன். கூட்டத்தில் ஒருத்தன், "ஏ பொடிசு, ஹாக்கி ஸ்டிக் உன்னவிட உசரமா இருக்கு!" என்றான். முதலில் சிரித்தது அக்காதான். அணியின் சென்டர் ஃபார்வர்ட் அவள், நெடுநெடுவென்று வளர்ந்தவள். வரும் வழியில் தன் ஐஸ்கிரீமில் பாதியைத் தந்தாள். கோபப்படவும் விடமாட்டாள்.

மார்ச் 19
மழை. பயிற்சி இல்லை. அக்கா மட்டும் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 2
அரையிறுதி. அக்கா பந்தோடு சட்டென்று திரும்பினாள், கால் திரும்பவில்லை. அந்த அலறல் இன்னும் காதில் இருக்கிறது. அவளைத் தூக்கிக்கொண்டு போகும்போதே கோச், "வேற ஆள் இல்ல. நீ இறங்கு" என்றார்.
இறங்கினேன். அவர்கள் எல்லோரும் என் தலைக்கு மேலே தேடினார்கள். நான் குனிந்தே புகுந்து போய்விட்டேன். இரண்டு கோல். என்னைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். சந்தோஷமா இருந்துச்சு. அவ ஆஸ்பத்திரில கிடக்கா, எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு! என்ன பிறவி நான்?

ஏப்ரல் 21
அக்கா இனி ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய், "வீட்டுல விளையாட்டுப் பேச்சே எடுக்காதடி" என்றாள். நாளைக்கு இறுதி ஆட்டம்.

ஏப்ரல் 22
ஜெயித்தோம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 11
தேசிய ஜூனியர் அணியில் என் பெயர். பத்திரிகைக்காரர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கதவைத் திறந்தது அக்கா, ஊன்றுகோலோடு.
"நீங்க யாருங்க?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.
"பக்கத்து வீடு" என்றாள்.
நான் வாயைத் திறந்தேன். புகைப்படக்காரர், "கொஞ்சம் சிரிங்க" என்றார். சிரித்தேன்.
ஏன் சொல்லல? ஒரு வார்த்தைதானே?

ஆகஸ்ட் 3
அக்கா துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். நாள் முழுக்க நிற்கிற வேலை. அந்தக் காலை வைத்துக்கொண்டு. பயிற்சி முகாமிலிருந்து நான் அனுப்பிய பணக் கவர் பிரிக்காமலே திரும்பி வந்தது.

டிசம்பர் 9
விடுதி அறை. அடுத்த தொடருக்கு நான்தான் கேப்டன். ஊரெல்லாம் சுவரொட்டியில் என் முகம். வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மாதான் எடுத்தாள், செய்தியைக் கேட்டதும் அழுதாள்.
"அக்காகிட்ட குடும்மா."
அம்மா போனைக் கையால் பொத்தும் சத்தம்.
"அவ தூங்குறாடி."
பின்னாலேயே அக்காவின் குரல்: "அம்மா, பால் பொங்குது பாரு!"
"சரிம்மா" என்றேன், "எழுப்பாத."