யோகண்ணைக்கு எழுதிக்கொடுத்த கடிதம்

ஒக்டோபர் 6, திங்கள்

பனிப்புகார். பத்து மீற்றருக்கு அங்கால் ஒன்றும் தெரியவில்லை. மேலே மின்கம்பி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. ஈரமென்றால் அதற்கு வாய் கூடிவிடும்.

வேலை: ஜெர்மனியில், ஹம் நகருக்கு வடக்கே, காட்டை ஊடறுத்துப் போகும் பெரிய மின்கம்பிகளுக்குக் கீழே. முள்ளுப் பற்றைகளை விடவேண்டும். வளர்ந்து கம்பியைத் தொடக்கூடிய மரங்களை மட்டும் அடியோடு வெட்டி, வெட்டிய அடிக்கட்டையில் மருந்து பூசவேண்டும். பூசாவிட்டால் அடுத்த வருடம் ஒன்றுக்குப் பத்தாக முளைத்து நிற்கும். மருந்தில் நீலச் சாயம், பூசியது எது பூசாதது எது என்று தெரிவதற்கு.

வெட்டுவது: மாரெக், போலந்துக்காரன். வாய் திறக்காத பிறவி.
பூசுவது: யோகண்ணை.
வெட்டியதை இழுத்துக் குவிப்பது, பூசுகிறவருக்குப் பின்னால் மருந்து வாளி தூக்குவது: நான்.

இருபத்தாறு வருடம் இந்த நாட்டில். பள்ளிக்கூடம் இங்கே படித்தவன். வாளி தூக்குகிறேன்.

மருந்து பூசுவதற்கு ஒரு காட், அனுமதி அட்டை, வேண்டும். அதற்குச் சோதனை. ஆகஸ்டில் இரண்டு பேரும் போனோம். யோகண்ணை பாஸ், நான் பெயில். ஐம்பத்தேழு வயது மனிசன். ஜெர்மனில் ஒரு வசனம் ஒழுங்காக முடிக்கத் தெரியாது. கேள்விக்கொத்து முழுவதையும் விடைகளோடு பாடமாக்கிக்கொண்டு போய் அப்படியே கக்கிவிட்டு வந்துவிட்டார். வாயால் கேட்டதற்கும் பாடமாக்கியதைத்தான் ஒப்புவித்தாராம். நான் கொத்தைத் திறந்தும் பார்க்கவில்லை. பாஷை தெரியும்தானே என்ற கொழுப்பு. அதுவும் உண்மைதான், எழுதிவைக்கிறேன்.

இனி யோ.அ. என்றுதான் எழுதுவேன். முழுப் பெயரும் எழுதக் கை வலிக்கிறது.

ஒக்டோபர் 7, செவ்வாய்

தூறல். இடது சப்பாத்துக்குள் தண்ணீர்.

ஞாயிறு கோவிலில் நடந்ததை நேற்று எழுதவில்லை. மறக்கவில்லை, எழுதப் பிடிக்கவில்லை. அன்னதான வரிசை. யோ.அ. என் தோளில் கையைப் போட்டு, முன்னால் பின்னால் நின்ற சனமெல்லாம் கேட்க:

"தம்பி இந்தமுறை கோட்டை விட்டிட்டான். பரவாயில்லை, அடுத்தமுறை எடுத்திடுவான். கெட்டிக்காரன்."

ஆறுதல் சொன்னாராம். சாம்பார் விட்ட மனிசிகூட என்னை இரக்கமாகப் பார்த்தா. அந்தச் சோறு இன்னும் தொண்டையில் நிற்கிறது. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இன்று செஃப், எங்கள் முதலாளி, வந்து சொன்னது: மார்ச்சிலிருந்து எங்கள் மூன்று பேருக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். காட் வைத்திருப்பவருக்குத்தான். சொல்லும்போது என்னைப் பார்க்கவேயில்லை.

திரும்பி வரும்போது வண்டிக்குள் யோ.அ.வின் பாட்டு, வழமையான அதே பாட்டு:

"ஜெர்மன் பாஸ்போட்டுக்கு அன்ட்ராக் போட்டாச்சு தம்பி. வேலை இருந்தால் தருவாங்களாம். வந்த உடன லண்டன்தான், மகளிட்ட. பேரன் நடக்கத் துவங்கிட்டான், இன்னும் போனிலதான் பாக்கிறன். இப்ப இருக்கிற பாஸ்போட்டோட ரெண்டுதரம் கேட்டும் விசா தரேல்லை. வேலை மட்டும் போகாமல் இருந்தால் காணும் எனக்கு."

நான் ஓம் ஓம் என்றேன். அந்த அன்ட்ராக்கை, விண்ணப்பத்தை, எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

ஒக்டோபர் 8, புதன்

வெயில். இரண்டு கிழமைக்குப் பிறகு.

பாதை ஓரத்தில் ஒரு வீடு. பின்வளவில் தேனீப் பெட்டிகள், வேலிக்குப் பக்கத்தில் பென்னம்பெரிய ரொபீனியா மரம். வெள்ளைப் பூப் பூக்கும், முள் மரம். வேலிக்கு இங்கால், கம்பிக்குக் கீழே, அதே மரத்தின் குட்டிகள் ஆளுயரத்துக்கு. மாரெக் எல்லாவற்றையும் அறுத்துவிட்டான்.

வீட்டுக்காரி வேலியடிக்கு வந்தா. அறுபது வயதிருக்கும், தொப்பி. என்னோடுதான் கதைத்தா, நான்தானே பாஷை தெரிந்தவன். தெளிவாகச் சொன்னா: இந்தக் குட்டிகள் என் மரத்தின் வேரில் வந்தவை. வெட்டுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. மருந்து மட்டும் பூசாதீர்கள், வேர் வழியாகத் தாய்மரத்துக்குப் போய்விடும். என் தேனீக்கள் அந்தப் பூவை நம்பித்தான். உங்கள் ஆளிடம் சொல்லிவிடுங்கள்.

தலையாட்டினேன். நன்றி சொன்னேன். கை கொடுத்துவிட்டு உள்ளே போனா.

யோ.அ. தூரிகையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன தம்பி சொல்லுறா? இந்தக் குட்டியள் அவவின்ர மரத்தின்ர வேரில வந்ததோ? அப்பிடியெண்டால் பூசக்கூடாது. கேள்விக்கொத்தில எங்கயோ வந்தது."

"இல்லை அண்ணை. இது வேற மரமாம். ஒண்டும் விடாமல் பூசட்டாம். வருசா வருசம் முளைச்சுக் கரைச்சலாம்."

"வடிவாக் கேட்டனியோ?"

"ஓம் அண்ணை."

பூசினார். பதினேழு அடிக்கட்டை. நடுவில் அல்ல, பட்டையை ஒட்டிய ஓரத்தில் சுற்றிவர, பிள்ளைக்குப் பொட்டு வைப்பதுபோல் அத்தனை கவனம். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாளி இன்று பாரமாகவே இல்லை.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. ஆனால் சொன்ன பிறகு திருத்துவதற்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. முதல் அடிக்கட்டையோடு மறித்திருக்கலாம். மறிக்கவில்லை. சந்தோசமாக இருந்தது. பல்லிடுக்கில் கிடந்த இறைச்சித் துண்டு வெளியே வந்த மாதிரி.

ஒக்டோபர் 9, வியாழன்

மழை. அரை நாள் வேலை.

- கையுறை வாங்க வேண்டும்
- பனிக்கால டயர் மாற்ற டெர்மின், நாள் குறிக்க வேண்டும்
- பல் வைத்தியரிடம் போகாமல் விட்டதற்கு ஒரு சாட்டு

யோ.அ.வின் மனிசி பவளமக்கா எனக்கென்று ரோல்ஸ் கொடுத்தனுப்பியிருந்தா. நாலு சாப்பிட்டேன். நல்ல உறைப்பு.

மே 19, செவ்வாய்

பனிக்காலம் முழுவதும் இந்தக் கொப்பியைத் தொடவில்லை. சுருக்கம்: மார்ச்சிலிருந்து யோ.அ. பொறுப்பாளர். "தம்பி, அங்கால இழு", "தம்பி, இதைக் கழுவி வை." பெப்ரவரியில் நான் இரண்டாம் முறை சோதனை எழுதி, தட்டுத்தடுமாறிப் பாஸ். எனக்காகக் கோவிலில் அர்ச்சனை செய்வித்தாராம். இப்போது என்னிடமும் காட் இருக்கிறது. பதவிதான் இல்லை.

இன்று வேறு இடத்து வேலை. திரும்பும்போது நான்தான் சாரதி. வேண்டுமென்றே தேன்காரி வீட்டுப் பக்கத்தால் வந்தேன், மெதுவாக. யோ.அ. பின்சீற்றில் நித்திரை.

மற்ற ரொபீனியாக்கள் எல்லாம் பச்சை, மொட்டு. அவவின் மரம் பாதி மொட்டை. வந்த இலையும் ஊசி மாதிரி, சுருண்டு, மஞ்சள். ஒரு பூ இல்லை. அதற்குக் கீழே பெட்டிகள் வரிசையாக.

ஏழு மாதம் எடுத்திருக்கிறது. நான் நம்பிக்கையை விட்டிருந்தேன்.

மே 26, செவ்வாய்

வெக்கை. முறைப்பாடு வந்துவிட்டது. தேன்காரி வக்கீலை வைத்து எழுதியிருக்கிறா.

செஃப் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். நன்றாக ஜெர்மன் பேசிய ஆளிடம் சொன்னதாக அந்த அம்மா எழுதியிருக்கிறா, அது நீதானே என்றார்.

ஓம், என்னிடம்தான் சொன்னா என்றேன். நான் அதை அப்படியே யோ.அ.விடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை, காட் வைத்திருப்பது அவர், அன்றைக்கு நான் வெறும் வாளிக்காரன் என்றேன்.

செஃப் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்தார். அவரை நல்ல மனிதன் என்று நினைத்திருந்தேன் என்றார். நானும்தான் என்றேன். முகத்தை அப்படி வைத்திருக்க எனக்குக் கஷ்டமாகவே இருக்கவில்லை. அதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். வழமையான முகம்.

யோ.அ. வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் கொடுக்கவேண்டும்.

மே 28, வியாழன்

பின்னேரம் ஐந்து மணி, யோ.அ. வீடு. பிளேன்ரீ, வடை.

இங்கே எங்கள் சனத்துக்குள் இது ஒரு வழக்கம். பாஷை தெரிந்தவன் எழுதுவான், மற்றவர் கையெழுத்து வைப்பார். வீட்டு வாடகை, டொக்டர், பள்ளிக்கூடம், எல்லாம். யோ.அ. வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு வருடமாக எழுதுகிறேன். அவர் ஒன்றையாவது வாசித்ததில்லை. நான் விரல் வைக்கும் இடத்தில் கையெழுத்து.

"உள்ளதை உள்ளபடி எழுது தம்பி. மனிசி சொன்னது எங்களுக்குப் பிழையா விளங்கிப்போச்சு எண்டு எழுது. பூசினது நான், பொறுப்பு என்ர. உன்ர பேரை இழுக்காத. நீ இப்பதான் காட் எடுத்தனி."

என் பெயரை இழுக்க வேண்டாமாம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இப்போதும் தோளில் கைதான்.

பவளமக்கா இடையில்: "எழுதினாப்பிறகு படம் எடுத்து மகளுக்கு அனுப்பிப் பாப்பமே? அவளும் இஞ்சதானே படிச்சவள்."

நான் இன்னொரு வடை எடுத்தேன்.

யோ.அ.வே என்னைக் காப்பாற்றினார். "அவளுக்கேன் கவலையைக் குடுப்பான்? தம்பி எழுதினால் காணும்."

கடிதத்தில் நான் எழுதியது: அந்த அம்மா மருந்து பூசவேண்டாம் என்று சொன்னதை என் சக ஊழியர் எனக்குச் சரியாக மொழிபெயர்த்துச் சொன்னார். குட்டிகள் அவருடைய மரத்தின் வேரில் வந்தவை என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும் வேலையைக் கெதியாக முடிப்பதற்காகத் தெரிந்தே பூசினேன்.

ஒரு பக்கம். எழுத்துப் பிழை இல்லை, இரண்டுதரம் பார்த்தேன்.

"ஒருக்கா வாசிச்சுக் காட்டு."

தமிழில் வாசித்தேன். தாளைப் பார்த்தபடி, அதில் இல்லாததை. நேர்மையாக உழைத்த மனிதன், ஒரு நாளும் வேலைக்குப் பிந்தியதில்லை, அறியாமல் நடந்த பிழை, மரத்துக்கும் தேனீக்களுக்கும் மனம் வருந்துகிறேன், பேரனைப் பார்க்கும் ஆசை ஒன்றுதான் மிச்சம். ஒரு இடத்திலும் தடக்கவில்லை. எங்கிருந்து வந்ததோ தெரியாது. பவளமக்கா துவாயால் கண்ணைத் துடைத்தா.

"நல்லா எழுதியிருக்கிறாய்," என்றார் யோ.அ.

விரல் வைத்தேன். கையெழுத்து வைத்தார், ஆறுதலாக, முழுப் பெயரும்.

வடை ஐந்து.

ஜூன் 9, செவ்வாய்

காலையில் செஃப்: இன்றிலிருந்து நீதான் பொறுப்பு. சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். மாரெக் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை பிடிக்கவில்லை. பின்னேரம் வரை அவனைச் சரிவுப் பக்கம் அனுப்பிவிட்டேன். வாளி தூக்க ஒரு புது ஆள் கேட்டிருக்கிறேன்.

ஐந்தரைக்கு யோ.அ. போன் எடுத்தார்.

"தம்பி, வேலையால நிப்பாட்டிப்போட்டாங்கள். இண்டைக்குத் தபாலில வந்தது. நீ அவ்வளவு வடிவா எழுதியும் இப்பிடிச் செய்திட்டாங்கள் பார். இரக்கமில்லாத சனம்."

"ஓம் அண்ணை."

"அந்த அன்ட்ராக்கும் இனி நிண்டிடுமாம். இவ காலமையில இருந்து சாப்பிடேல்லை. மகளுக்கு இன்னும் சொல்லேல்லை. கோவிலில ஒராள் சொன்னவர், மூண்டு கிழமைக்குள்ள வேலைக் கோர்ட்டுக்கு எழுதிப் போட்டால் திருப்பி எடுப்பினமாம். நீதான் எழுதித் தரோணும். எப்ப வாறாய்?"

கலண்டரைப் பார்த்தேன். மூன்று கிழமை இந்த மாதம் முப்பதோடு முடிகிறது.

"வேலை கூட அண்ணை. ஜூலை நாலு, சனிக்கிழமை வாறன்."

"பிந்திப்போகாதே?"

"இல்லை அண்ணை. அவங்கள் வேலை நாளைத்தான் எண்ணுறது. சனி ஞாயிறு சேராது. வேற ஆரிட்டயும் காட்டாதேங்கோ, குழப்பிப்போடுவினம்."

"அப்ப சரி. வரேக்க சாப்பிட்டிட்டு வராத தம்பி, அக்கா சமைச்சு வைப்பா."