மூன்றாவது முடிச்சு

சிலி, 6 ஜூன் 2025

அன்புள்ள இனியா,

பெட்டி கட்டி வாசலில் வைத்துவிட்டேன். கிளம்பும் வேளை பார்த்து ஒரு நட்சத்திரம் வெடித்துத் தொலைத்தது. நாளை மறுநாள் உங்கள் கல்யாணத்துக்கு என்னால் வர முடியாது.

தம்பி ரஞ்சன் மீன்பிடிக்கப் போடும் கறுப்புக் கண்ணாடியைக் கைப்பேசித் திரைக்கு முன்னால் சுற்றிப் பார். ஒரு வாக்கில் திரை இருண்டுவிடும். நானும் இங்கே தொலைநோக்கியில் வடிகட்டியைத் திருப்பித் திருப்பித்தான் வெளிச்சத்தை அளக்கிறேன். வெடிப்பு உருண்டையாக இருந்தால் எந்த வாக்கிலும் வித்தியாசம் தெரியாது. கோணலாக இருந்தால் தெரியும். அதை வைத்து அந்த நட்சத்திரம் எதனால் வெடித்தது, இன்னொன்றோடு மோதியா என்று ஊகிக்கலாம். முதல் சில நாள் போனால் தடயம் போய்விடும். இந்த வாரம் அளக்க என்னைவிட்டால் ஆளில்லை.

தம்பி போனை எடுக்க மாட்டேன் என்கிறான். தாலியில் மூன்றாவது முடிச்சு நாத்தனாருடையது. அதைச் சித்தி மகள் வைதேகி போடட்டும். கோபம் வந்தால் திட்டு.

தாரணி

தோ பாயோ, சிங்கப்பூர், 9 ஜூன்

அன்புள்ள அக்கா,

திட்டத்தான் உட்கார்ந்தேன், வரவில்லை. உங்கள் தம்பி நாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார். கண்ணாடியைக் கொடுத்துத் திரையைப் பார்க்கச் சொன்னேன். "அட, இருட்டாயிடுச்சு லா!" என்று சிரித்துவிட்டார்.

கோவிலில் அவர் இரண்டு முடிச்சுப் போட்டதும் வைதேகி கையை நீட்டினாள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மூணாவது தாரணி அக்காதான் போடணும். வரட்டும்," என்றேன். "நல்ல நேரம் முடியுதும்மா!" என்று ஐயர் கத்தினார். கல்யாணப் பெண் வாயைத் திறப்பதா என்று உங்கள் பெரியப்பாவுக்குக் கோபம். உங்கள் அம்மாதான், "ரெண்டு முடிச்சே தாங்கும், விடுங்க," என்றார்கள்.

அதே அம்மாதான் அக்கா, பையனைவிட மூத்தவள் என்று என்னை வேண்டாம் என்றவர்கள். நீங்கள் அங்கிருந்தே வாரக்கணக்கில் போனில் பேசி மனசை மாற்றினீர்கள். இந்தக் கயிறே நீங்கள் கொடுத்தது. இதில் வேறு யாரையும் கைவைக்க விடுவேனா?

சாவகாசமாக நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இனியா

சிலி, 20 ஜூன்

இனியாக் கண்ணு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஓவென்று அழுதேன். கருவிகளைப் பராமரிக்கும் பிரபாகர், "கருவி கெட்டுப்போச்சா?" என்று ஓடி வந்தார். நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு இத்தனை பெரிய நன்றி?

வெளிச்சம் கோணலாகத்தான் வந்தது. இரண்டு நட்சத்திரங்கள் மோதியிருக்கலாம். சரிபார்க்க மாதங்கள் ஆகும், மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நேற்று தம்பி கூப்பிட்டான். "எப்பக்கா வர்றே? இவ தூங்கும்போதுகூடக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டே இருக்கா!" என்றான்.

ஞாயிறு காலை சாங்கி விமான நிலையத்தில் இறங்குகிறேன். அதுவரை கையை எடுத்துவிடாதே.

உன் நாத்தனார்,
தாரணி