பிளாஸ்டிக்கோடு வந்த முத்திரை

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நலமா என்று கேட்கவே வாய் வரவில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்பதால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

நீ ஆங்கிலத் தேர்வில் தேறியதும், இனி பட்டச் சான்றிதழ் ஒன்றுதானே என்று நானும் துள்ளினேன். நீ இருக்கும் நாட்டுச் சட்டக் கல்லூரி கேட்டபடி, அசலின் பின்புறம் நம் பல்கலைக்கழகம் முத்திரை குத்தி, உறையை ஒட்டி நேராக அனுப்ப வேண்டும். எடுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த அம்மாள் தடவிப் பார்த்துவிட்டு, லேமினேட் பண்ணி வச்சிருக்கீங்களே, பிளாஸ்டிக் மேல எப்படிம்மா முத்திரை குத்துறது, பிரிச்சு எடுத்துட்டு வாங்க என்றார்.

நீ பட்டம் வாங்கிய கையோடு அப்பா செய்த வேலை அது. கூரை ஒழுகினாலும் பிள்ளையின் படிப்பு நனையக் கூடாதாம். தையல் கடைச் சுவரில் மாட்டிவைத்து, அளவு கொடுக்க வந்தவர்களை எல்லாம் நிறுத்திப் படிக்க வைத்தாரே, நீகூடக் கூச்சப்படுவாய்.

நான் வந்து சொன்னதும், நம்மகிட்ட இஸ்திரிப் பெட்டி இருக்கும்போது என்னம்மா கவலை என்றார். மேலே துணி போட்டுச் சூடு காட்டி, மெதுவாகத்தான் உரித்தார். உன் பெயர் தாளில் நின்றது. முன்பக்கம் இருந்த பல்கலைக்கழக முத்திரையும் துணைவேந்தர் கையெழுத்தும் பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டன.

மறுபடி ஓடினேன், கெஞ்சினேன். மாற்றுச் சான்றிதழுக்கு மூன்று மாதம் ஆகுமாம். கல்லூரிக்குக் கடைசி நாள் இந்த மாத முடிவு, உன் விசாவும் அதோடு சரி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதை நமக்கென்றே சொல்லிவைத்தார்கள் போலிருக்கிறது. எனக்கு வேறு வழி தெரியவில்லை, தம்பி. பயமாக இருக்கிறது.

கல்லூரிக்கு இன்றே எழுது. நடந்ததை நடந்தபடி சொல்லி அவகாசம் கேள். ஊரார் வழக்கை எல்லாம் வாதாடியவன், உனக்காக ஒரு முறை வாயைத் திற. வெட்கம் பார்க்காதே, காலில் விழுவதுபோலவே எழுது.

அப்பா கடை திறக்கவில்லை. உரித்த பிளாஸ்டிக்கைத் தாளின் மேல் வைத்து, கையெழுத்து பழைய இடத்துக்கே வரும்படி நகர்த்தி, இப்பப் பாரும்மா, சரியாத்தானே இருக்கு என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அவரிடம் பேசு. ஆனால் பரவாயில்லைப்பா என்று மட்டும் சொல்லிவிடாதே. நான் சொல்லிப் பார்த்தேன், எல்லாம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். நீ வாய்க்கு வந்தபடி திட்டு. திட்டினால்தான் இன்னும் ஏதோ மிச்சமிருக்கிறது என்று நம்புவார். அவர் நம்பினால் நானும் நம்புவேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா