எழுபத்தொரு நாள் வந்த சிலிண்டர்

துரைக்கு,

நாற்பத்தெட்டு நாள் வர வேண்டிய காஸ் சிலிண்டர் எழுபத்தொரு நாள் வந்தால், அந்த வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுதலாமா? எனக்குப் பதில் தெரியவில்லை. ஆகவே வழக்கமாக முதல் வரியில் எழுதுவதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். படுக்கையில் யாரும் இல்லை, என் முழங்கால் படியேறும்போது மட்டும் முனகுகிறது, உன் அப்பா மூக்குக் கண்ணாடியை மாற்ற வேண்டும், மாற்ற மாட்டேன் என்கிறார். நீயும் நன்றாக இருப்பதாக நீ சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன். இதையெல்லாம் போனில் கேட்டிருக்கலாம். போனில் கேட்டால் நீ சிரித்து மழுப்புவாய், நீ வாய் திறக்கும் முன்பே உன் அப்பா என் பக்கத்தில் நின்று பதில் சொல்வார். கம்பளிக் காலுறையும் சின்ன குக்கரும் பார்சலில் வருகின்றன, அதற்குள் இந்தக் கடிதத்தை வைக்கிறேன், நிதானமாகப் படி.

சிலிண்டர் மாற்றும் நாளைச் சமையலறைக் காலண்டரில் நான் வட்டம் போடுவது உனக்குத் தெரியும். நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பாட்டில் பாட்டிலாகத் தேதி எழுதி ஒட்டுகிறவளுக்கு வீட்டிலும் கை சும்மா இருக்காது. நீ அந்தக் குளிர் நாட்டுக்குக் கிளம்பிப் போனதிலிருந்து பார்க்கிறேன், நாற்பத்தாறுக்குக் குறைந்ததில்லை, ஐம்பதைத் தாண்டியதில்லை. இந்த முறை அறுபதும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. காஸ்காரர் ஒரு சனிக்கிழமை வாசலில் வண்டியை நிறுத்தி, "என்னக்கா, எங்களை விட்டுட்டு வேற கம்பெனிக்குப் போயிட்டீங்களா, இல்ல வீட்டுல உண்ணாவிரதமா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஒன்றும் செய்யாமல் வீட்டில் ஒரு பொருள் மிச்சமானால் யாரோ எதையோ செய்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். புது சிலிண்டர் வந்ததும் அதை உன் அப்பாவின் பெரிய தராசில் ஏற்றச் சொன்னேன், ஒருவேளை கூடுதலாக நிரப்பி அனுப்புகிறார்களோ என்று. எடை அதன்மேல் எழுதியிருந்தபடியே இருந்தது. ஆனால் ஊரில் பாதிக் கடைகளின் தராசைப் பிரித்துச் சரிசெய்கிற மனுஷர், கால் கிராம் தவறினால் சாப்பாடு இறங்காதவர், "எதுக்கு இப்ப இதெல்லாம், கூட வந்தா வந்துட்டுப் போகுது" என்றார். எடை விஷயத்தில் அவர் போகுது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு ஆரம்பித்தது என் சந்தேகம்.

மதியச் சமையல் அவருடையது என்பது உனக்குத் தெரியும். காலையில் கடைகளுக்குப் போய்விட்டுப் பன்னிரண்டு மணிக்குத் திரும்பி, தனக்கென்று புதிதாக உலை வைப்பார், ஆவி பறக்காத சோறு சோறே இல்லை என்பார். அரிசி டப்பாவைப் பார்த்தேன், வழக்கம்போலத்தான் குறைகிறது. அரிசி குறைகிறது, காஸ் குறையவில்லை. இரவில் நான் சமைக்கும்போது மட்டும் பின்னால் வந்து நின்று, கொஞ்சம் கூடப் போடு என்கிறார். எதற்கு என்றால் பசிக்குமாம். இரவு அவர் சாப்பிடுவதும் பழைய அளவுதான், கூடுதல் சோறு டப்பாவில் ஃபிரிட்ஜுக்குப் போகிறது, மறுநாள் சாயங்காலம் நான் வரும்போது டப்பா கழுவிக் கவிழ்த்து இருக்கிறது. அடுத்தது குளியலறை. அவர் அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளித்துவிட்டு வந்தால் கண்ணாடியில் ஆவி படிந்து நான் துண்டால் துடைத்துவிட்டுத்தான் பொட்டு வைப்பேன். இரண்டு மாதமாகக் கண்ணாடி காய்ந்து பளிச்சென்று இருக்கிறது. பச்சைத் தண்ணீரிலா குளிக்கிறீர்கள் என்று நேராகவே கேட்டேன். "வெயில் ஏறிடுச்சு, இதுதான் உடம்புக்கு நல்லது" என்றார். அன்று மழை தொடங்கி இரண்டாவது வாரம்.

அடுத்து நான் சந்தேகப்பட்டது மாடி டீச்சரை, எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மதியம் இவர் அங்கே போய் உட்கார்ந்து சாப்பிடுகிறாரோ என்று. டீச்சருக்கு ஓய்வு பெற்ற பிறகு வேலையே வீடியோ பார்த்துச் சிக்கனம் படிப்பதுதான். ஆரஞ்சுத் தோலில் பாத்திரம் துலக்கு, குழாயைச் சொட்டுச் சொட்டாக விட்டு வாளியை வை, மீட்டருக்குத் தெரியாது என்பார். அது சிக்கனம் இல்லை, திருட்டு, அதுவும் மீட்டருக்கு நன்றாகவே தெரியும், வேலை செய்யும் இடத்தில் பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன், ஒரு வாரம் பேசவில்லை. அவரிடம் தக்காளி இரவல் வாங்கும் சாக்கில் மேலே போய்ப் பேச்சை வளைத்துக் கேட்டேன். டீச்சர் நான் வந்த காரணத்தைப் புரிந்துகொண்டுவிட்டார். "உங்க வீட்டுக்காரரா? ஒருநாள் அவியல் மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுத்தேன், வாசல்லயே நின்னு வயித்த வலிக்குதுன்னுட்டுப் போனவர் இன்னும் திரும்பிப் பாக்கல" என்றார். தக்காளியையும் கொடுத்துவிட்டு, நான் படியிறங்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வியாதியோ என்று பயந்தேன். இளைத்திருக்கிறாரா என்று சட்டை பட்டனைக் கவனித்தேன், மருந்துச்சீட்டு ஏதாவது கிடக்கிறதா என்று பை பையாகப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு வேகவைத்தார். கொதி வந்து கொஞ்ச நேரத்தில் அடுப்பை அணைத்து, மூடி போட்டு, பழைய போர்வையில் சுற்றி அட்டைப் பெட்டிக்குள் வைத்தார். இருபது நிமிடத்தில் வெந்திருந்தது. யார் சொன்னது என்றேன், எங்கேயோ படித்தேன் என்றார். தராசு விலைப்பட்டியலைத் தவிர அவர் எதையும் படித்து நான் பார்த்ததில்லை. அதே வாரம்தான் நீ போனில், "அம்மா, கெமிஸ்ட்ரி படிச்சவதானே நீ, கெழங்கு பாதி வெந்ததும் அடுப்ப அணைச்சா மீதி தானா வெந்துருமா?" என்று கேட்டாய். வேலை பார்க்கிற அச்சகத்துக் கேண்டீனில் மதியம் சாப்பிடுகிற பையனுக்குக் கிழங்கைப் பற்றி என்ன கவலை? அதற்கு முந்திய புதன்கிழமையும் பிந்திய புதன்கிழமையும் உன் ஊர்க் கணக்குக்குக் காலை பதினொரு மணிக்கு நான் கூப்பிட்டபோது நீ அறையில் இருந்தாய். லீவு என்றாய். அடுத்தடுத்து இரண்டு புதன்கிழமை லீவு கொடுக்கும் அச்சகம் எங்கே இருக்கிறது? வீடியோவில் பார்த்தால் வீட்டுக்குள் குல்லாயும் மேல்கோட்டும் போட்டிருந்தாய். கேட்டதற்கு அதுதான் இப்போது ஃபேஷன் என்றாய். நான் குற்றம் சாட்டவில்லை. நான் பார்த்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், காரணம் எதுவானாலும் வழிமுறை தப்பாக இருக்கக்கூடாது. கிழங்கைச் சின்னதாக நறுக்கு, மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்று, மூடி போட்டு ஆறு நிமிடம் கொதித்ததும் அணை, கால் மணி திறந்து பார்க்காதே, நீ திறந்து பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். முட்டையும் அப்படியே, கொதி வந்ததும் அணைத்துப் பன்னிரண்டு நிமிடம். ஆனால் சிவப்பு பீன்ஸ் விதையை இப்படிச் செய்யவே செய்யாதே, இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேறு தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதித்தாக வேண்டும், அரைகுறையாக வெந்தால் அது விஷம், வீடியோக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. கெட்டிலில் குடிக்கிற கப்பால் அளந்து தண்ணீர் ஊற்று. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார், சுலபமாக வந்துவிட்டால் கதவு ரப்பர் போய்விட்டது, வீட்டுக்காரரிடம் சொல், அது அவர் செலவு. துணிக்குச் சோப்புத்தூள் மூடியில் கோடு போட்டிருக்கிற அளவில் பாதி போதும், கோடு போட்டவன் தூள் விற்கிறவன். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால், அந்த முதல் ஒன்று உனக்கு வேண்டுமா என்று கேட்டுக்கொள். விலை மாறாத பாக்கெட்டின் கிராமைப் பார். உன் அப்பா போன மாதம் பிஸ்கட் பாக்கெட்டைத் தராசில் வைத்துவிட்டு, "அதே காகிதம், அதே விலை, ரெண்டு பிஸ்கட்டக் காணோம்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார். குளிருக்கு அறை முழுவதையும் சூடாக்க வேண்டாம், வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார், ஆனால் சுவரில் ஈரம் பூக்கும் அளவுக்கு விடாதே, அந்தக் கறுப்புப் பூசணம் நெஞ்சுக்குள் போனால் மிச்சம் பிடித்ததெல்லாம் மருந்துக்கடைக்குப் போகும். சாப்பாடு, செருப்பின் அடிப்பாகம், பல் இந்த மூன்றிலும் சிக்கனம் என்று கை வைக்காதே. இவ்வளவும் உனக்கு எதற்குத் தேவைப்படுகிறது என்பதை மட்டும் நீ எழுத வேண்டும்.

உன் அப்பாவிடம் இன்னும் நான் நேராகக் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு வெயில் கதை வரும். நாளை அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன். பார்சலை அதற்கு அடுத்த நாள்தான் அனுப்புவேன். எங்கே இருந்தாலும் வயிறு நிறைந்து, கால் சூடாகத் தூங்கி எழு. குக்கரின் விசிலை மாட்ட மறக்காதே, தனியாகக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன்.

உன் அம்மா

திங்கட்கிழமை, பார்சல் ஒட்டும் முன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பன்னிரண்டு நாற்பதுக்கு என் சாவியால் கதவைத் திறந்தேன். முன்னறையில் மீன்கடைத் தராசு பிரிந்து கிடந்தது, அதன் பக்கத்தில் முக்காலியில் உன் அப்பா மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டில் நேற்று இரவுச் சோறு, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தபடியே கட்டி கட்டியாக, பாதி முட்டை. நான் நேராகச் சமையலறைக்குப் போய் அடுப்பில் கையை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. பின்னாலேயே வந்து, "ஏன் சீக்கிரம் வந்துட்ட, உடம்பு சரியில்லையா?" என்றார். உங்களுக்கு என்ன என்று கேட்டேன். தட்டைக் கையில் பிடித்தபடியே சொல்லிவிட்டார். "அவனுக்கு வாரத்துல மூணு நாள்தான் வேலையாம், ரெண்டு மாசமா. அடுப்பு ஒரு வேளைதான் பத்த வைக்கிறானாம், மத்த வேளைக்கு ஆறினதுதானாம்." என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "சொல்லாதீங்கன்னான். போகும்போதே நான் சொன்னேனேன்னு அம்மா சொல்லுவாளாம்."

நீ பயந்தது சரிதான். சொல்லியிருப்பேன் என்பது எனக்கே தெரியும். ஒரு மாதம் கழித்துத் தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். சரி, அவன் ஆறினதைச் சாப்பிட்டால் நீங்கள் ஏன் சாப்பிட வேண்டும், அதனால் அவனுக்கு என்ன வந்து சேர்கிறது என்று கேட்டேன். "ஒண்ணும் சேராது. எனக்கு மட்டும் சூடா எறங்க மாட்டேங்குது" என்றார்.  தட்டை வாங்கிச் சோற்றை வாணலியில் கொட்டி அடுப்பைப் பற்றவைத்தேன். இரண்டு முட்டை உடைத்து ஊற்றினேன். போதும் அணைச்சிடு, போதும் அணைச்சிடு என்று பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆவி முகத்தில் அடிக்கும் வரை நான் அணைக்கவில்லை. இருவரும் நின்றபடியே சாப்பிட்டோம். அவருக்கு இரண்டாம் கவளத்தில் விக்கல் வந்தது, தண்ணீர் கொடுத்தேன். உனக்கு மேலே எழுதிய எதையும் நான் அடிக்கப்போவதில்லை, போகும்போதே நான் சொன்னேனே என்கிற அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் உன்னிடம் எந்தக் காலத்திலும் சொல்ல மாட்டேன். பணம் வேண்டுமென்றால் கேள். நான் ஏன் என்று கேட்கவில்லை, அதை எண்ணி ஆச்சரியப்பட உனக்கு ஒரு நிமிடம் தருகிறேன்.

சாயங்காலம் அவர் குளித்துவிட்டு வந்த பிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். கண்ணாடியில் என் முகம் தெரியவில்லை. ஆகவே முதல் வரியில் தள்ளி வைத்ததை இப்போது எழுதுகிறேன், இங்கே இருவரும் நலம். வருகிற புதன்கிழமை உன் பதினொரு மணிக்குக் கூப்பிடுவேன். லீவு என்று சொல்லாதே. அடுப்பில் எதையாவது ஏற்றிவிட்டு எடு, கொதிக்கிற சத்தம் எனக்குக் கேட்க வேண்டும்.

அம்மா
அப்பா (கையெழுத்து அவருடையதுதான், கண்ணாடி இல்லாமல் போட்டது)