அறிக்கையில் என் பேர் இருக்கட்டுமா அக்கா?

என் எதிர் வீட்டுப் பிலோமி அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உன் வீட்டில் இப்போது ஒரு லாரி டிரைவர் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. நல்ல மாதிரிதான். ஆனால் மேகம் கறுத்தால் கதவைத் தட்டி, "கஸ்தூரி, ரேஷன் கார்டை மேல வெச்சியா?" என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. மழைக்காக இல்லை. என் பேத்தி, நம் தேன்மொழிக்காக.

படிப்பை முடித்து ஒரு ஆபீசில் சேர்ந்திருக்கிறாள். சேர்ந்த அன்று நடந்ததைக் கேட்டால் நீ சிரிப்பாய். "சுயேச்சையான ஆய்வு நிறுவனம் ஆயா. பொதுக் கொள்கை பத்தி ஆராய்ச்சி பண்றோம்" என்றாள்.

"சுயேச்சையா நிக்கிறியா? இன்னாத்துக்குடி உனக்கு இந்த வேலை? இன்னா சின்னம் குட்த்தாங்கோ?"

"அய்ய, எலெக்சன் இல்ல ஆயா! எங்களுக்குக் கட்சியும் இல்ல, கம்பெனியும் இல்ல. யாரு சொல்லுக்கும் ஆடாம, கீறத கீற மாதிரி எழுதுறது."

"அப்ப பின்னால யாரு கீறா?"

"யாரும் இல்ல. அதான் சுயேச்சை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு அது தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுவிட்டது. நம் பக்கத்தில் சுயேச்சையாக நின்றவர்களை நாம் பார்த்திருக்கிறோம் இல்லையா? ஒரு ஆட்டோ, ஒரு மைக். அவ்வளவுதான் துணை.

அங்கே என்ன வேலை என்று கேட்பாய். சர்க்கார் போட்ட உத்தரவுகளைத் தேடி எடுத்துப் படிக்கிறார்கள். அதில் எழுதியிருப்பது தெருவில் நடக்கிறதா என்று வந்து பார்க்கிறார்கள். வெள்ளம் வந்தால் எந்தத் தெருவுக்கு முதலில் சேதி சொல்ல வேண்டும், தண்ணீரோடு ஆலை எண்ணெய் வந்தால் யார் பொறுப்பு, இதற்கெல்லாம் என்ன விதி வேண்டும் என்று எழுதி அதிகாரிகள் கையில் கொடுக்கிறார்கள். நம் சடையங்குப்பத்தைப் பற்றி ஒரு அறிக்கை. எழுதுவது என் பேத்தி!

சொந்த வீட்டில் அவள் கேள்வி கேட்கக் கூடாதாம், அது அவர்கள் சட்டம். நம் தெருவுக்கு வந்த அன்று, கூட வந்த பெண் உள்ளே உட்கார்ந்து கேட்டாள். இவள் வேற்றாள் மாதிரி வெளியே குழாயடியில் நின்றாள். காபி கொடுத்தேன், வாங்கவில்லை.

"வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி உங்களுக்கு யாராவது சொன்னாங்களாம்மா?"

"யாரு சொல்றது? தண்ணிதான் ஊட்டுக்குள்ள வந்து, நான் வந்துட்டேன்னு சொல்லிச்சு."

அந்தப் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அன்று விடிகாலையில் நீயும் நானும் பள்ளிக்கூட மாடியில் நின்று பார்த்ததை எல்லாம் சொன்னேன். ஆலைச் சுவர்ப் பக்கமிருந்து கறுப்பாக எண்ணெய் மிதந்து வந்ததை, உன் வீட்டு வாசலில்தான் அது முதலில் ஒட்டியதை. கடைசியில் ஒரு தாளை நீட்டி, பேரைப் போடலாமா என்று கேட்டாள். "போடு, பெருசா போடு" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என்ன பெருமை எனக்கு!

போன வாரம் என் மகன் ஏழுமலை வேலையிலிருந்து முகம் செத்து வந்தான். அவன் இன்னும் அதே ஆலையில்தான், காண்டிராக்டில். மேஸ்திரி தனியாகக் கூப்பிட்டு, "உன் பொண்ணு இன்னாமோ எழுதிக்கினு கீதாமே? அதுல உங்கம்மா பேரும் கீதாமே?" என்று கேட்டானாம். மிரட்டவில்லை, கத்தவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினானாம். அந்த டீதான் எனக்குப் பயம்.

யார் போய்ச் சொல்லியிருப்பார்கள் என்று ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். வேறு யாரும் இல்லை அக்கா, நான்தான். ரேஷன் கடை வரிசையில் நின்று, "என் பேத்தி எழுதுறா, என் பேரும் வருது" என்று நான் போட்ட சத்தம் ஆலை வாசல் வரைக்கும் போயிருக்கிறது. ஆலைக்குள் போக மாதாமாதம் புதுப்பிக்கிற ஏழுமலையின் கேட் பாஸ் இந்த மாதம் இன்னும் வரவில்லை.

"ம்மா, உன் பேரை எடுக்கச் சொல்லு. வேற ஒண்ணும் கேக்கல" என்றான்.

"எடுத்துடலாம் நைனா" என்றாள் தேன்மொழி. "அச்சுக்குப் போறதுக்கு முன்ன யாரு வேணாலும் எடுத்துக்கலாம். அது ஆயா இஷ்டம்."

"உன் பேரு?"

"அது அட்டையில கீது."

"அத்தயும் எடு."

"எழுதுன ஆளு பேர் இல்லாம எப்டி நைனா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

என் பேருக்குப் பதில் என்ன போடுவாய் என்று கேட்டேன். "சடையங்குப்பம், பெண், அறுபதுக்கு மேல" என்றாள். ஒளிந்துகொள்ள நல்ல இடம்தான். சரி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் சொன்னாள், தெருவில் மற்ற எல்லோரும் தங்கள் பேரை எடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்று. மிச்சம் நான் ஒருத்தி. நானும் எடுத்துவிட்டால் அந்த அறிக்கையில் பேரோடு நிற்பது அவள் மட்டும்தான்.

மூன்று நாள் இதே யோசனைதான். ஏழுமலையின் வேலை போய்விட்டால்? இவளை வழியில் யாராவது நிறுத்திவிட்டால்? மாதவரத்தில் பஸ் மாறித்தான் வருகிறாள். கொஞ்சம் தாமதமானாலும் தெருமுனைக்குப் போய் நிற்கிறேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? பெற்ற பிள்ளையைப் பார் என்றா, பேத்தியைப் பார் என்றா?

இன்று காலை அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"என் பேரை எடுக்காத."

சீப்போடு திரும்பினாள். "பயமா இல்லியா ஆயா?"

"கீது. அத்தயும் எழுதிக்கோ."

ஏழுமலை காதில் விழுந்தது. சாப்பாட்டு டப்பாவை எடுக்காமலே போய்விட்டான். அது இன்னும் அடுப்பு மேடையில் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

அறிக்கையை வெளியிடும் கூட்டத்துக்கு வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் கூட்டிப்போகிறேன் என்கிறாள். மேஸ்திரி ஆட்களும் வருவார்களாம். அவள் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவேன். மாடியிலிருந்து பார்த்தது நாம் இரண்டு பேர். இப்போது கேட்டால் பதில் சொல்ல நான் மட்டும்தான் இருக்கிறேன். இந்தக் கஸ்தூரி யார் என்று கேட்டால் எழுந்து நிற்பேன் அக்கா. உனக்கு வாக்கு.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
கஸ்தூரி