வாசல் சுவருக்கு ஆள் வைத்துவிட்டேன்

ஹூதுன் ஊர்,
எட்டாம் மாதம், நிலா விழாவுக்கு மறுநாள்.

ருய்ஷிங்கின் அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நானும் மகளும் நலம். எனக்கு ஒரு கடைவாய்ப் பல் மட்டும் போய்விட்டது. அது இருந்தபோது கொடுத்த தொல்லைக்குப் போனதே மேல். உங்கள் நலத்தைக் கேட்டால் "நலம், வேலை அதிகம்" என்று எழுதுவீர்கள். ஆகவே கேட்கவில்லை.

ருய்ஷிங்கின் கல்யாணம் பத்தாம் மாதத்தில் என்று முடிவாகிவிட்டது. அதை எழுதி உங்களை வரச் சொன்னேன். மேஸ்திரி விடமாட்டார், கட்டடம் பாதியில் நிற்கிறது, வர முடியாது என்று பதில் போட்டீர்கள். வருடப் பிறப்புக்கு வராததற்கும் இதே மேஸ்திரிதான் காரணம். அதற்கு முந்தைய வருடப் பிறப்புக்கும் அவரேதான். டியென்ஜின் நகரத்தில் அவ்வளவு கட்டடம் பாதியில் நிற்கிறது போலும். அங்கே உங்களுக்கு யார் சமைக்கிறார்கள், யார் துவைத்துப் போடுகிறார்கள் என்று நான் எப்போதாவது கேட்டேனா? இப்போதும் கேட்கவில்லை.

போன வாரம் மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். வாசலுக்குள் கால் வைத்ததுமே சம்பந்தியம்மாள் நின்றுவிட்டாள். எதிரே, மறைப்புச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில், உங்கள் செங்கல் குவியல் வைக்கோலுக்கு அடியில் கிடக்கிறது. "இது என்னங்க, கோழி அடைக்கவா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் கட்டப் போகிற சுவர் என்றேன். "ஓ, கொத்தனார் வீடாச்சே!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். கெட்ட எண்ணத்தில் இல்லை, அவளுக்கு எதைச் சொன்னாலும் சிரிப்புதான். ஆனாலும் ருய்ஷிங் உள்ளே போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

மறைப்புச் சுவர் இல்லாத வீட்டிலிருந்து மகளை அனுப்ப எனக்கு மனமில்லை. வாசலில் நிற்கிறவனுக்கு நேரே அடுப்படி தெரிகிறது. மண் உறைந்துவிட்டால் சுண்ணாம்பு பிடிக்காது. அதற்குள் முடிய வேண்டும். இந்தப் பக்கத்தில் கல்லைத் தேய்த்து, இடுக்குத் தெரியாமல் சுவர் எழுப்பத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் நீங்கள், வரமாட்டீர்கள்.

ஆகவே இன்னொருவனான லுவானை வைத்துவிட்டேன். ஒரு கொத்தனார் வீட்டில் இன்னொரு கொத்தனார் கல் வைப்பது எவ்வளவு பெரிய தலைகுனிவு என்பது எனக்குத் தெரியும். தெருவில் இப்போதே பேச்சுத்தான். உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றால் வந்து நிறுத்திக்கொள்ளுங்கள். ரயில் தினமும் ஓடுகிறது.

இப்படிக்கு,
லியென்ஃபாங்


ஹூதுன் ஊர்,
ஒன்பதாம் மாதம், தொடக்கம்.

ருய்ஷிங்கின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கடிதம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். "லுவான் வேண்டாம்" என்று இரண்டு சொல் எழுதியிருந்தீர்கள். பின்னே யார் என்று எழுதவில்லை. நீங்கள் வருவதாகவும் எழுதவில்லை. நீங்கள் கோபத்தில் கிளம்பி வருவீர்கள் என்று நினைத்துத்தான் அவன் பெயரை எழுதினேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் கோபமும் ரயிலேறவில்லை. எனவே லுவான் வேலையைத் தொடங்கிவிட்டான்.

நீங்களும் அவனும் ஒரே ஆசானிடம் ஒரே வருடத்தில் சேர்ந்தவர்கள். அந்தக் காலத்தில் இருந்து ஒருவர் கட்டிய சுவரை இன்னொருவர் பார்க்காதது போல் கடந்து போவதும், இருட்டியதும் போய் நகத்தால் கீறிப் பார்ப்பதும் எனக்குத் தெரியாததா? கூப்பிட்டால் வருவானோ என்றுதான் நினைத்தேன். சொல்லி அனுப்பிய அன்றே வந்துவிட்டான். பெரிய கோயில் வேலை கையில் இருக்கிறதாம், அதற்கு நடுவில் இதை முடித்துக் கொடுப்பதாகச் சொன்னான். ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கேட்டதற்கு, "அண்ணி, சும்மா இருங்க, வேலையப் பாப்போம்" என்றான். எதைக் கேட்டாலும் இரண்டு வாய்க்குப் பேசுகிறவன், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

வைக்கோலை எடுத்துவிட்டு முதல் கல்லைக் கையில் எடுத்ததும் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். நீங்களும் நானும் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து தேய்த்த கற்கள். முன்முகம் வழவழவென்று, ஓரங்கள் கத்திபோல், பின்பக்கம் மட்டும் உள்ளே சாய்த்துச் சீவியது. அவன் ஒன்றோடு ஒன்று வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் வரவில்லை. "கையா இது! பாவி மனுசன்" என்றான். பிறகு, "இதுல அண்ணி தேய்ச்சது எது?" என்று கேட்டான். நான் காட்டவில்லை. எனக்கே தெரியவில்லை.

அடி வரி, முதல் வரிசைக் கல், வைத்தாயிற்று. நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டு, நிதானமாகத்தான் செய்கிறான். நீங்கள் பாடிக்கொண்டே கல் வைப்பீர்கள். இவன் திட்டிக்கொண்டே வைக்கிறான். கல்லைத் திட்டுகிறான், நூலைத் திட்டுகிறான், பக்கத்து வீட்டு வாத்தைத் திட்டுகிறான். மதியத்துக்குத் தினைக்கஞ்சியும் கழுதைக்கறி வைத்த ரொட்டியும் கொடுக்கிறேன். குறை சொல்லாமல் சாப்பிடுகிறான்.

ருய்ஷிங் போர்வைகளுக்குப் பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். அப்பா வருவாரா என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளை மதுக் கிண்ணத்தை நீட்டும்போது அப்பா இடத்தில் யார் உட்காருவது என்று மட்டும் கேட்டாள். சித்தப்பா முறையில் யாராவது உட்காரட்டும் என்றேன். அவள் ஊசியை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
லியென்ஃபாங்


ஹூதுன் ஊர்,
ஒன்பதாம் மாதம், கடைசி வாரம்.

ருய்ஷிங்கின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

ஐந்து வரி எழும்பியதும் சுவரை உட்கார விட வேண்டும் என்பது உங்கள் எல்லோருக்கும் ஆசான் சொல்லிக் கொடுத்தது. கல்லுக்குப் பின்னால் ஊற்றிய சுண்ணாம்புக் கரைசல் இறுகும் வரை அடுத்த கல் தொடக் கூடாது. சுவர் உட்காரும் நாளில் கொத்தனாரும் உட்கார வேண்டியதுதான், கொத்தனார் வீட்டில் அடுப்பு கொஞ்சம் மந்தமாக எரியும் நாள் அது. லுவானுக்கு உட்கார நேரமில்லை. கோயில்காரர்கள் ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஐந்துக்கு மேல் அன்றைக்கே இரண்டு வரி ஏற்றி, அதற்கும் கரைசலை ஊற்றிவிட்டுப் போய்விட்டான்.

காலையில் முற்றம் பெருக்கப் போனேன். சுவரின் முனையில் நின்று ஓரக்கண்ணால் பார்த்தேன். நடுவில் வயிறு தள்ளியிருந்தது. அதிகம் இல்லை, சாப்பிட்டு எழுந்தவன் வயிறு அளவுக்குத்தான். சம்பந்தியம்மாளுக்கு ஆயுசு முழுக்கத் தெரிந்திருக்காது. ஆனால் அவை உங்கள் கற்கள்.

லுவான் வந்ததும் பிரித்துக் கட்டு என்றேன். கடைசியில் முகத்தைத் தேய்க்கும்போது சரி பண்ணிவிடலாம் என்றான். தேய்ப்பில் சரி பண்ணும் சுவரை இந்த வீட்டில் யாரும் கட்டியதில்லை என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாரும் கல்யாணத்துக்குச் சுவரப் பாக்கவா வர்றாங்க?" என்று கத்தினான். நானும் விடவில்லை. "என் வீட்டுக்காரர் இருந்திருந்தா, இந்த வயித்த உன் முகத்துல தேச்சிருப்பாரு. வந்து கட்டுவாரு, நீ போ" என்றேன். அப்போதுதான் அவன் சொன்னான்.

"அவரு எங்க வந்து கட்டுவாரு அண்ணி? இடது கையில மூணு விரல் இல்ல அவருக்கு. கல்லை எதால எடுப்பாரு?"

சொல்லிவிட்டு அவனே வாயைப் பொத்திக்கொண்டான். ருய்ஷிங் கையில் போர்வையோடு வாசற்படியில் நின்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். போன வருடம் டியென்ஜினுக்குச் சாமான் வாங்கப் போனபோது, ஒரு கட்டட வேலிக்கு வெளியே, காவலாளி நாற்காலியில் உங்களைப் பார்த்ததையும், கலவை இயந்திரத்தில் கை போனதையும், ஊரில் மூச்சு விடக் கூடாது என்று நீங்கள் அவனிடம் சத்தியம் வாங்கியதையும் சொன்னான். "ஒரு வருசமா வாயக் கட்டிப் போட்டிருந்தேன் அண்ணி. அந்த ஆளு சுவரு நிக்கலையேன்னுதான் நான் வந்தேன்" என்று சொல்லும்போது அழுதான். லுவான் அழுது நான் பார்த்ததில்லை, பார்க்கச் சகிக்காது.

நான் அன்றைக்கு ஒன்றும் சமைக்கவில்லை. எனக்குக் கோபம். கை போனதற்கு இல்லை. லுவானுக்குத் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியவில்லையே என்று. மேஸ்திரி விடவில்லை, மேஸ்திரி விடவில்லை என்று நீங்கள் எழுதும்போதெல்லாம், அங்கே உங்களுக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அந்தப் பெண்ணுக்கு முகம்கூட வைத்திருந்தேன். கொஞ்சம் தடித்த பெண், நன்றாகச் சமைப்பாள். அவளை எத்தனை ராத்திரி திட்டியிருப்பேன்! இப்போது அவள் இல்லை என்று தெரிந்து சந்தோஷப்படுவதா, உங்கள் விரல்களை நினைத்து அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

லுவான் தானாகவே ஐந்தாம் வரி வரைக்கும் பிரித்தான். ஒரு கல்லுக்கும் முனை உடையவில்லை. இந்தத் தடவை சுவரை உட்கார விட்டான், அவனும் உட்கார்ந்தான். கோயில் ஆள் வந்து கத்தியபோது, "சாமி எங்கயும் போயிடாது, போங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டான். நேற்று மேல்வரி முடிந்தது. ஓடும் வைத்தாயிற்று. நூல் பிடித்ததுபோல் நிற்கிறது.

நீங்கள் வராததற்குக் காரணம் இப்போது புரிகிறது. மாப்பிள்ளை மண்டியிட்டு நீட்டுகிற மதுக் கிண்ணத்தைப் பெண்ணின் அப்பா இரண்டு கையாலும் வாங்க வேண்டும், ஊரே பார்க்கும். அதற்குப் பயந்து கொத்தனார் நாற்காலியில் ஒளிந்திருக்கிறார். ருய்ஷிங்கிடம் சொன்னேன். "அப்பா ஒத்தக் கையால வாங்கினா கல்யாணம் செல்லாதாம்மா?" என்று கேட்டாள். சம்பந்தியம்மாளிடம் நானே நடந்துபோய்ச் சொல்லிவிட்டேன், பிறகு தெரிந்து பேச்சு வர வேண்டாம் என்று. "எங்க வீட்டு ஆளுக்கு ரெண்டு காதும் கேக்காது. அவரை நாங்க சபையில உக்கார வெக்கலையா?" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போது பிடித்திருக்கிறது. ஆக, மறைக்க இனி உங்களிடம் ஒன்றும் மிச்சமில்லை.

சுவரில் ஒரு வேலை மட்டும் மிச்சம் இருக்கிறது. செங்கல் தூளைக் குழைத்து அங்கங்கே உள்ள சிறு குழிகளை அடைத்துவிட்டு, தண்ணீர் விட்டு, தேய்ப்புக் கல்லால் முகம் முழுக்கத் தேய்க்க வேண்டும். அதைச் செய்தால்தான் சுவர் ஒரே கல்லாகத் தெரியும். அதை யார் செய்கிறார்களோ அவர்கள் சுவர் என்றுதான் உங்கள் தொழிலில் சொல்வார்கள். லுவான் தேய்க்கக் கல்லை எடுத்தான். நான் நிறுத்தினேன். சுவர் பார்க்கத் தெருவே கூடியிருந்தது. எல்லோர் காதிலும் விழும்படி, "மிச்சத்த வீட்டுக்காரர் வந்து முடிப்பாரு" என்றேன். லுவான் தேய்ப்புக் கல்லைக் கழுவி என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

அந்த வேலைக்கு வலது கை ஒன்றே போதும். தண்ணீர் ஊற்ற நான் இருக்கிறேன். மண் உறைய இன்னும் கொஞ்ச நாள்தான். குளிர் தொடங்கிவிட்டது, பஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். வழியில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் முன்னால் சொல்லிவிட்டேன். என்னைப் பொய் சொன்னவளாக்கிவிடாதீர்கள்.

உங்கள்,
லியென்ஃபாங்