உன் ஜாடையே இல்லாத உன் சிலை

இன்று காலை பெட்டியைப் பிரித்ததும் வைக்கோலும் எண்ணெய் தடவிய கருங்கல்லும் கலந்த வாசனை வீடெங்கும் பரவியது. பாசிர் ரிஸ்ஸில், பன்னிரண்டாம் மாடியில், என் சாப்பாட்டு மேசைமேல் நீ மார்பளவில் உட்கார்ந்திருந்தாய். நீ என்றுதான் சொன்னார்கள். எனக்கென்னவோ எந்தக் கோயிலிலிருந்தோ ஒரு பெருமாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்ததுபோல இருந்தது. காது தோளைத் தொடுகிறது. உன் உருளைக்கிழங்கு மூக்கு எள்ளுப்பூவாகிவிட்டது. மூக்குக்கண்ணாடி இல்லை. உதட்டில் சாந்தமான ஒரு புன்னகை வேறு. சாந்தம்! உனக்கு!

உலகத்துச் சிலைகளையெல்லாம் இளக்காரம் செய்தே வயிறு வளர்த்த ஆள் நீ. இருபத்திரண்டு வருடம் நம் ஆட்களைப் பேருந்தில் ஏற்றி ஐரோப்பாவைச் சுற்றிக் காட்டினாய். மற்ற வழிகாட்டிகள் சிலைமுன் குரலைத் தாழ்த்துவார்கள், நீ உயர்த்துவாய். ஃபிளாரன்ஸில் தாவீது சிலையைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்து நிற்க, “கை எவ்ளோ பெரிசு பாருங்க. துணி எடுக்க மறந்துட்டு வந்தவன் மூஞ்சி மாதிரியே இல்ல?” என்றாய். கோபன்ஹேகனில் மழையில் ஒரு மணி நேரம் நடத்திக் கூட்டிப்போய்ப் பாறைமேல் இருந்த குட்டிக் கடற்கன்னிச் சிலையைக் காட்டினாய். “இவ்ளோதானா?” என்று ஓர் அம்மா கேட்டார். “நானும் வருஷா வருஷம் இதையேதான் கேக்கறேங்க” என்றாய். பிரஸ்ஸல்ஸில் சிறுநீர் கழிக்கும் பொடியனின் வெண்கலச் சிலை: “நம்ம ஊரா இருந்தா இவன் அப்பாவுக்கு ஃபைன் வந்திருக்கும்லா.”

நான் உன் பேருந்தில் நான்கு முறை வந்தேன். சிலை பார்க்க அல்ல. நீ திட்டுவதைக் கேட்க. திரும்பி வந்து அதையெல்லாம் என் சொந்தச் சரக்குபோல மேடைகளில் அவிழ்த்துவிட்டு நகைச்சுவைப் பேச்சாளன் என்று பெயர் வாங்கினேன். உனக்குத் தெரியும். ஒருநாள்கூடக் கேட்டதில்லை. “நீ சொன்னா கொஞ்சம் பழசா இருக்குடா” என்பதோடு விட்டுவிட்டாய்.

அப்படிப்பட்டவனுக்குச் சிலையா என்று நான்தான் முதலில் சிரித்தேன். நீ போனபின், ஜாலான் புசாரில் உன் அலுவலக வாசலில் வைக்க வேண்டும் என்று உன் பழைய பயணிகள் குழு அமைத்தார்கள். வேலை இல்லாத பெரியவர்கள் ஐந்து பேர் சேர்ந்தால் குழு அமைக்காமல் என்ன செய்வார்கள்? நான் சிரிப்பை நிறுத்தியது மல்லிகா பேசியபோதுதான்.

“முகம் மறந்துடுமோன்னு பயமா இருக்குண்ணே” என்றாள் உன் மனைவி. “போட்டோ எல்லாத்துலயும் டூர்காரங்களுக்குச் சிரிக்கிற சிரிப்புதான் இருக்கு. வீட்டுல அவர் அப்படியா இருந்தார்? கண்ண மூடினா அந்தச் சிரிப்புதான் வருது. அவர் வர மாட்டேங்கறார்.”

அதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன். கடல்தாண்டி, ஊரில் கோயில் சிலை செய்யும் ஸ்தபதி ஒருவருக்கு உன் படங்களை அனுப்பியதும் நான்தான். அவர் களிமண் மாதிரியைப் படமெடுத்து அனுப்பியபோது பரோட்டா தின்றுகொண்டிருந்தேன். குழம்பு படாத விரலால் கைபேசியில் ‘சரி’ என்று கட்டைவிரல் பொம்மையைத் தட்டிவிட்டு அடுத்த பரோட்டாவுக்குப் போனேன். உன் முகத்துக்கு நான் ஒதுக்கிய நேரம் அவ்வளவுதான்.

பெட்டியைப் பிரித்த கையோடு ஸ்தபதியை அழைத்தேன். “ஐயா, நாங்க சாமி முகம் செஞ்சே பழக்கம்” என்றார் பவ்யமாக. “மனுஷ மூக்குன்னு நெனச்சுத்தான் உளிய வெப்பேன். கை அதுபாட்டுக்குப் போயிடுதுங்க.”

பார்க்க வந்த குழுத் தலைவர் சுப்பையா அண்ணன் சிலையை மூன்று முறை சுற்றி வந்தார். நல்லவேளை, தோப்புக்கரணம் போடவில்லை. “அழகா இருக்கார்லா! அவர் மாதிரி இல்ல, அதனால என்ன? ஞாயித்துக்கிழமை தொறந்துடலாம்.”

“மல்லிகா பாக்கணும்ணே.”

“பாத்தா பழகிடும்” என்றார். அதுதான் என் பயமும். இந்த வழவழ முகத்துக்கு அவள் பழகிவிட்டால், மிச்சம் இருக்கும் நீயும் போய்விடுவாய். ஒளித்து வைக்கலாமா, கப்பலில் உடைந்துபோயிற்று என்று புளுகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அழைப்பு மணி அடித்துவிட்டது.

வந்தாள். நெடுநேரம் பார்த்தாள். நான் சமையலறைப் பக்கம் ஓட வழி தேடினேன்.

“இது யாருண்ணே?” என்றாள். “இவர் என்னை ஒருநாள்கூடத் திட்டியிருக்க மாட்டார்.”

“கோயிலுக்குக் குடுத்துடுங்க. எனக்கு வேணாம்” என்று நாற்காலியில் உட்கார்ந்தவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “பாரிஸ்ல ஒருத்தன் சிலையா உக்காந்து யோசிப்பானே, அவனைப் பத்தி அவர் ஒண்ணு சொல்வாரே. எப்படிண்ணே அது?”

கூச்சமாக இருந்தது. ஆயிரம் பேர் முன்னால் கூசாதவன் நான். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, வலது முழங்கையை இடது தொடையில் ஊன்றி, முகவாயைக் கையில் தாங்கினேன். தொப்பை இடித்தது.

“இப்படி உக்காந்து எவனாவது யோசிப்பானா? பத்து நிமிஷத்துல இடுப்பு புடிச்சுக்கும். இவன் உலகத்தப் பத்தியா யோசிக்கறான்? எப்படி எழுந்திருக்கறதுன்னு யோசிக்கறான்!”

மல்லிகா சிரிக்கவில்லை. குனிந்து என் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

“திமிர் பத்தலண்ணே. சொல்லி முடிச்சதும் இடது புருவம் ஏறும். எவனாவது எதுத்துப் பேசுங்கடாங்கற மாதிரி.”

மறுபடி சொன்னேன். புருவத்தை ஏற்றினேன். இத்தனை வருடம் உன் வார்த்தைகளை மட்டும் திருடிக்கொண்டு இதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

“ம்” என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். “வந்துட்டார். அப்படியே இருங்கண்ணே, புருவத்த எறக்காதீங்க.”

இடுப்பு உண்மையாகவே பிடித்துக்கொண்டது. அவள் கண்ணைத் திறக்கும்வரை நான் அசையவில்லை.